செமஸ்டருக்காக எழுதிய வலைப்பூவும், நான் அழித்த ஒரு மறுமொழியும்

ஏரிக்கரை | சனி, இரவு 9.40

வணக்கம். பல மாதமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சென்னையில் பி.ஏ. வரலாறு படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. இந்த செமஸ்டரில் ஒரு பேப்பருக்கு எழுத்துத் தேர்வுக்குப் பதிலாக வலைப்பூ வைத்தார்கள். பிளாகரில் ஆளுக்கு ஒன்று, வாரம் ஒரு பதிவு, மொத்தம் 12. அதோடு வகுப்பில் வேறு மூன்று பேருடைய பதிவுக்கு வாராவாரம் மறுமொழி எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் இன்டர்னல் மார்க் உண்டு. போன வாரம் கடைசிப் பதிவும் போட்டாகிவிட்டது, மார்க்கும் வந்துவிட்டது. முடிவில் "இதில் என்ன கற்றுக்கொண்டாய்" என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அதில் நான் எழுதியது எல்லாம் உண்மைதான், ஆனால் எழுத வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன். அதை இங்கே சொல்லிவிடலாம் என்று வந்தேன்.

நான் எடுத்துக்கொண்டது சென்னையில் காணாமல் போன ஏரிகள். மேற்கு மாம்பலத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். லேக் வியூ ரோடு என்ற பெயர்ப்பலகையைக் கடந்துதான் தினமும் பள்ளிக்கூடம் போனேன். அங்கே நின்றால் எந்த ஏரி தெரிந்திருக்கும் என்று பத்தொன்பது வயது வரை எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அதனாலேயே இந்தத் தலைப்பு.

முதல் நான்கு பதிவுகளை வகுப்பைத் தவிர யாரும் படிக்கவில்லை. "சூப்பர் டி", "அருமை தோழி, தொடர்ந்து எழுது" என்று மூன்று மறுமொழிகள் வரும். நானும் அவர்களுக்கு அதையேதான் போட்டேன், பதிவைத் திறந்து முழுதும் படிக்காமல் போட்ட வாரங்களும் உண்டு. மார்க் வந்தது.

ஐந்தாவது பதிவு தி.நகரைப் பற்றி. மறுநாள் காலைக்குள் போட்டாக வேண்டும், இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எப்போதோ வந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டு, மாம்பலம் ஏரி சுதந்திரத்துக்கு அப்புறம் தானாக வற்றிப்போனது, மக்கள் கொஞ்சம் கொஞ்சமாக வீடு கட்டிக்கொண்டார்கள், அப்படித்தான் தி.நகர் வந்தது என்று எழுதிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு மறுமொழி வந்தது. வகுப்பில் யாரும் இல்லை, முன்பின் தெரியாத ஒரு பெரியவர். நீளமாக, மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார். ஏரி தானாக வற்றவில்லை அம்மா, வடித்தார்கள் என்று தொடங்கினார். மயிலாப்பூர் ஏரி, நுங்கம்பாக்கம் ஏரி என்று தொடர்ச்சியாகக் கிடந்த அந்தப் பெரிய நீர்ப்பரப்பை வெள்ளைக்காரர்கள் லாங் டேங்க் என்றார்கள், 1923ல் அதை வடித்து மனை போடும் வேலை தொடங்கியது என்று விளக்கியிருந்தார். அதற்கு அப்புறம் எழுதியதுதான் என்னை உலுக்கியது. "சுதந்திரத்துக்குப் பிறகு உண்டான ஊர் என்றால் பனகல் பார்க்குக்கும் நடேசன் பார்க்குக்கும் உஸ்மான் ரோடுக்கும் அந்தப் பெயர்கள் எப்படி வந்திருக்கும்? ஊருக்கே தியாகராயர் பெயர். எல்லோரும் நீதிக்கட்சிக்காரர்கள். பனகல் அரசர் சென்னை மாகாண முதலமைச்சர் பதவியில் இருந்தது 1921 முதல் 1926 வரை. தெருப்பெயரைப் படித்தாலே காலம் தெரிந்துவிடும்."

நான் வரலாறு படிக்கிறவள். அந்தப் பார்க்கைச் சுற்றி நூறு தடவை நடந்திருப்பேன்.

ஆனால் அன்றைக்கு எனக்கு முதலில் தோன்றியது மார்க்தான். மேடம் ஞாயிற்றுக்கிழமை எல்லாருடைய பதிவையும் பார்ப்பார், இந்த மறுமொழியைப் பார்த்தால் குறைத்துவிடுவார் என்று பயந்து, பஸ்ஸில் வரும்போதே மொபைலில் அதை அழித்தேன். வீட்டுக்கு வந்து பதிவில் அந்த வரிகளை மாற்றினேன், அவர் சொன்ன ஆண்டைச் சேர்த்தேன். அவரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

மறுநாள் அவர் திரும்ப வந்தார். "நேற்று நான் எழுதியதைக் காணவில்லை. தவறாக ஏதும் சொல்லியிருந்தால் மன்னிக்கவும். பதிவைத் திருத்தியிருப்பதைப் பார்த்தேன், மகிழ்ச்சி." இவ்வளவுதான்.

அவர் மன்னிப்புக் கேட்டிருந்தார். தப்புச் செய்தது நான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிளாகரில் ஒரேயடியாக அழித்த மறுமொழியைத் திரும்ப எடுக்க முடியாது, ஆனால் மறுமொழி வந்ததும் நம் மின்னஞ்சலுக்கு ஒரு பிரதி வருமே, அது இருந்தது. அதை அப்படியே எடுத்துப் பதிவின் கீழே போட்டேன். பழைய தப்பான வரிகளையும் திரும்பக் கொண்டுவந்து நடுவில் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதினேன். அவருக்குப் பதில் எழுத ஒரு மணி நேரம் ஆனது, நான்கு முறை எழுதி அழித்தேன், கடைசியில் "ஐயா, நான்தான் அழித்தேன், மார்க் போய்விடும் என்று பயந்தேன், மன்னித்துவிடுங்கள்" என்று மட்டும் போட்டேன்.

அதற்கு அவர் எழுதிய பதிலில் கோபமே இல்லை. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா என்று ஒரு பகுதி இருக்கிறது, டேங்க் பண்ட் ரோடு என்று ஒன்று இருக்கிறது, அது பழைய ஏரிக்கரை, போய் நடந்து பாருங்கள் என்றார். போனேன். வள்ளுவர் கோட்டம் 1976ல் திறந்தது, அதுவும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடம்தான் (1975 என்று முதலில் எழுதியிருந்தேன், கீழே மெய்ப்பு ஐயா சொன்ன பிறகு மாற்றினேன்). ஆறாவது பதிவிலிருந்து என் எழுத்தே வேறு மாதிரி ஆகிவிட்டது. வகுப்புக்காக எழுதாமல் அவர் ஒருவர் படிப்பார் என்று நினைத்து எழுதினேன். ஒரு ஆண்டை எழுதும் முன்பு கன்னிமாரா நூலகத்துக்குப் போய் இரண்டு புத்தகமாவது பார்த்துவிட்டு வந்தேன். தெரியாத இடத்தில் தெரியாது என்று எழுதி, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டேன், நிஜமாகவே சொன்னார்கள்.

அந்த இரண்டு பக்கத்தில் மறுமொழியை அழித்ததை மட்டும் எழுதவில்லை. இப்போது இங்கே கேட்கிறேன். தப்பைச் சுட்டிக்காட்டினால் நீங்கள் என்ன செய்வீர்கள், சத்தமில்லாமல் திருத்துவீர்களா, அடித்துக் காட்டுவீர்களா? மறுமொழியை எப்போது அழிக்கலாம்? மார்க் நின்ற பிறகும் எழுதிக்கொண்டு இருப்பது எப்படி?

---

பழம்பதிவர் | சனி, இரவு 10.25

தங்கச்சி, முதலில் ஒன்று. அவர் திரும்பி வந்தார் பார், அது உன் அதிர்ஷ்டம். பெரும்பாலும் வரமாட்டார்கள்.

நான் 2005ல் எழுத வந்தவன். தமிழ் வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் என்ற திரட்டி அதற்கு முந்தைய வருடம்தான் தொடங்கியிருந்தது. பதிவு போட்டுத் திரட்டியில் சேர்த்தால் அடுத்த நிமிடம் முகப்பில் நம் தலைப்பு தெரியும், அந்த சந்தோஷத்தை இப்போது விளக்கிச் சொல்ல முடியாது. உங்கள் வகுப்பின் "சூப்பர் டி" எங்கள் காலத்தில் "மீ த ஃபர்ஸ்ட்டு" என்றும் "பகிர்வுக்கு நன்றி" என்றும் வரும். டெம்ப்ளேட் பின்னூட்டம் என்போம். கும்மி அடித்தே, அதாவது வெறும் அரட்டையிலேயே, நூறு பின்னூட்டம் தாண்டிய பதிவுகள் உண்டு. அது ஒரு கூட்டத்தின் குஷி, அதைக் குறை சொல்லமாட்டேன், பல பேர் அதில்தான் நண்பர்கள் ஆனோம். ஆனால் எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது அந்த நூறும் இல்லை. நூற்றியோராவதாக வந்து "மூன்றாவது பத்தியில் நீங்கள் சொல்வதும் ஐந்தாவதில் சொல்வதும் ஒன்றுக்கொன்று இடிக்கிறதே" என்று கேட்ட ஒரு ஆள்.

நானும் அழித்திருக்கிறேன். ஒரு ஊர்க்கோயிலைப் பற்றித் தப்பாக எழுதியதை அந்த ஊர்க்காரர் ஒருவர் திருத்தினார். எழுதிய விதம் கொஞ்சம் காரமாக இருந்தது, அழித்துவிட்டேன். அவர் அதற்குப் பிறகு என் பக்கமே வரவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது, அவருடைய புனைபெயர் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மார்க் நின்ற பிறகு எப்படி எழுதுவது என்று கேட்டாய். 2013 ஜூலை 1ஆம் தேதி பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் வாசிக்க உதவிய கூகுள் ரீடரை மூடினார்கள். செய்தியோடையில் சேர்த்து வைத்து வாசித்தவர்கள் பாதிப்பேர் அதோடு போனார்கள், மீதிப்பேர் அதற்கு முன்பே ஃபேஸ்புக்குக்குப் போயிருந்தார்கள். நானும் போனேன். அங்கே எழுதினால் ஒரே மணி நேரத்தில் இருநூறு லைக் விழும், மூன்றாம் நாள் நானே தேடினாலும் கிடைக்காது. நீ ஒரு வருடம் கழித்துத் திருத்தினால் யார் பார்ப்பார்கள்? வலைப்பூவில் உன் தி.நகர் பதிவு அதே முகவரியில் இருக்கும், தேடி வருகிற பள்ளிக்கூடப் பையனுக்குத் திருத்தத்தோடு கிடைக்கும். இதற்காகவே போன வருடம் நான் திரும்ப வலைப்பூவுக்கு வந்தேன். இப்போது மாதம் நாற்பது பேர் படிக்கிறார்கள். நிம்மதியாக இருக்கிறது.

---

வேப்பம்பூ | சனி, இரவு 11.10

அழிப்பதைப் பற்றி நான் கொஞ்சம் மாறுபட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பெண் இதைப் படித்துவிட்டு "எதையும் அழிக்கக் கூடாது போலிருக்கிறது" என்று எடுத்துக்கொண்டால் அது ஆபத்து.

நான் மாநகரப் பேருந்தில் பெண்கள் படும் பாட்டைப் பற்றித் தொடர்ந்து எழுதினேன். பெயர் சொல்லாமல் மறுமொழி போடும் அனானிகள் வந்தார்கள். முதலில் என் எழுத்தைப் பற்றி, அப்புறம் என் குணத்தைப் பற்றி, அப்புறம் நான் எந்த ஸ்டாப்பில் ஏறுகிறேன் என்பதைப் பற்றி. எதிர்க்கருத்துக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஒரு வருடம் அத்தனையையும் அப்படியே விட்டு வைத்தேன். தினமும் காலையில் அதைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். கடைசியில் எழுதுவதையே நிறுத்தினேன். அதை அழித்திருந்தால் இன்று வரை எழுதிக்கொண்டிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

கருத்தைத் திருத்த வருகிறவர் வேறு, ஆளைத் திருத்த வருகிறவர் வேறு. உன் பெரியவர் முதல் ரகம். இரண்டாவது ரகத்துக்கு ஒரு நிமிடம்கூடக் கடன்பட்டவள் இல்லை நீ. மட்டுறுத்தலை முதல் நாளே போட்டு வை, நீ பார்த்து அனுமதித்தால்தான் வெளியே தெரியும். மிரட்டல் வந்தால் அழிக்கும் முன்பு ஸ்கிரீன்ஷாட் எடு, தேதியும் முகவரியும் தெரிகிற மாதிரி, அப்புறம் சைபர் கிரைமில் புகார் கொடு. 2015ல் உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்ததால் இணையத்தில் எதையும் எழுதலாம் என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதற்கு 2013லேயே தனிப் பிரிவு வந்துவிட்டது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நியாய சன்ஹிதாவில் அது 78ஆவது பிரிவு. இணையத்தில் ஒரு பெண் என்ன செய்கிறாள் என்று கண்காணிப்பதும் அதில் சேரும்.

இன்னொன்று, அக்காவாகச் சொல்கிறேன். இந்த இழையிலேயே நீ எந்தப் பேட்டை, என்ன பாடம், எந்த வருடம், எந்தத் தெரு வழியாக நடந்தாய் என்று எல்லாம் சொல்லிவிட்டாய். ஏரியைப் பற்றி எழுதும்போது இடத்தைச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் நீ அங்கே எப்போது இருப்பாய் என்று சொல்ல வேண்டியதில்லை. போய்விட்டு வந்த பிறகு எழுது.

---

ஏரிக்கரை | ஞாயிறு, காலை 7.15

அக்கா, ரொம்ப நன்றி. மட்டுறுத்தலை இப்போதே போட்டுவிட்டேன். வலைப்பூவின் முகப்பில் கல்லூரி அடையாள அட்டையோடு ஒரு படம் வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன். போய்விட்டு வந்த பிறகு எழுதுவது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் மறுபடி எழுத ஆரம்பித்தால் நான் படிப்பேன். அப்போது எழுதிய பதிவுகள் இன்னும் இருக்கின்றனவா?

---

வேப்பம்பூ | ஞாயிறு, காலை 8.02

அந்தத் தளத்தையே மூடிவிட்டேன்மா. இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் சில பக்கங்கள் மட்டும் பிடிபட்டிருக்கின்றன, ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

---

மெய்ப்பு | ஞாயிறு, காலை 10.30

நான் சென்னையில் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்துநராகச் சேர்ந்து துணையாசிரியராக ஓய்வு பெற்றவன். திருத்தம் என்பது என் பிழைப்பு, அதனால் இந்த இழை மனதுக்கு நெருக்கமாக இருக்கிறது.

வள்ளுவர் கோட்டம் திறந்தது 1976 ஏப்ரல். நீங்கள் 1975 என்று போட்டிருக்கிறீர்கள், பாருங்கள்.

எங்கள் காலத்தில் பத்திரிகைகள் தப்பை ஒப்புக்கொள்ளக் கூச்சப்பட்டன. போட்டாலும் உள்ளே ஏதாவது ஒரு மூலையில் இரண்டு வரி, எந்தத் தப்பு என்று கண்டுபிடிக்க முடியாத மாதிரி. 2006ல் தி இந்து வாசகர்களுக்கென்றே ஒரு ஆசிரியரை நியமித்தது. இந்தியப் பத்திரிகைகளில் அதுதான் முதல். தினமும் திருத்தங்களுக்கென்று இடம் ஒதுக்கி, எந்தத் தேதி, எந்தப் பக்கம், என்ன தவறு, எது சரி என்று எழுதினார்கள். அந்தப் பகுதியை நான் செய்திகளுக்கு முன்பே படிப்பேன். இவ்வளவு தப்பு ஒப்புக்கொள்கிறார்களே என்று பத்திரிகையின் மேல் மதிப்புக் குறையும் என்று சிலர் பயந்தார்கள். எனக்கு நம்பிக்கை கூடத்தான் செய்தது.

ஆனால் கோடு போட்டு அடித்துக் காட்டுவதை நான் ஏற்கவில்லை. உங்கள் நல்ல எண்ணம் புரிகிறது. வாசகர் ஒருவர் உங்கள் பத்தியைத் தொட்டு நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுகிறார் என்று வையுங்கள். எழுத்து போகும், கோடு போகாது. ஏரி தானாக வற்றியது என்ற தப்பு மறுபடி உங்கள் பெயரிலேயே ஊர் சுற்றக் கிளம்பிவிடும். அது உங்களுக்கு வந்து சேர்ந்ததே அப்படித்தானே? உடம்பில் சரியான வாக்கியம் மட்டும் இருக்கட்டும். பதிவின் தலையில், கால்மாட்டில் இல்லை, தலையில், தேதி போட்டு "இந்தப் பதிவில் ஏரி தானாக வற்றியது என்று எழுதியிருந்தேன், அது தவறு, 1923 முதல் திட்டமிட்டு வடித்தார்கள், ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார்" என்று வார்த்தையில் சொல்லுங்கள்.

---

பழம்பதிவர் | ஞாயிறு, காலை 11.05

ஐயா, கோடு போட்டு அடித்துக் காட்டுவது பதிவர்களின் வழக்கம், அதில் ஒரு நேர்மை இருக்கிறது. எதை எப்படி மாற்றினேன் என்று வாசகர் கண்ணெதிரே தெரிகிறது. தலையில் குறிப்புப் போட்டுவிட்டு உள்ளே என்னென்ன மாற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும்? நான் அடித்துக் காட்டுகிற கட்சிதான்.

---

தறி | ஞாயிறு, பகல் 1.48

இந்த விஷயத்தில் நான் ஒன்று சொல்லலாமா. எனக்குப் பார்வை கிடையாது. கணினியில் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பியை வைத்துக் கேட்டுத்தான் படிக்கிறேன். யூனிகோடு வந்த பிறகுதான் எங்களுக்குத் தமிழ் இணையமே திறந்தது, அதற்கு முன்பு ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எழுத்துரு, கேட்டால் வெறும் குப்பையாக வரும்.

இந்த இழையைக் கேட்ட பிறகு ஏரிக்கரையின் வலைப்பூவைத் தேடிப் போய்த் தி.நகர் பதிவைக் கேட்டேன். நடுவில் போட்ட கோட்டை என் கருவி சொல்லவில்லை. பெரும்பாலான திரைவாசிப்பிகள் சாதாரண அமைப்பில் சொல்லாது. எனக்குக் கேட்டது இப்படித்தான்: ஏரி சுதந்திரத்துக்குப் பிறகு தானாக வற்றியது, 1923ல் ஏரியை வடித்தார்கள். அடுத்தடுத்து இரண்டும். எதை நம்புவது என்று தெரியாமல் மூன்று முறை திரும்பக் கேட்டேன். இங்கே படித்திருக்காவிட்டால் எழுதியவர் குழம்பியிருக்கிறார் என்றே நினைத்திருப்பேன்.

பழம்பதிவர் அண்ணா, உங்கள் நேர்மை பார்வை உள்ளவர்களுக்கு மட்டும் போய்ச் சேருகிறது. வார்த்தையில் எழுதினால் எனக்கும் சேரும்.

இன்னொன்று. அந்தப் பதிவில் நான்கு படங்கள் இருக்கின்றன. எனக்கு அவை "படம், படம், படம், படம்". அதில் ஒன்று பழைய வரைபடம் என்று கீழே ஒரு மறுமொழியில்தான் தெரிந்தது. ஏரி எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதுதானே அந்தப் பதிவின் உயிர், அது முழுக்க வரைபடத்துக்குள் இருந்துவிட்டது.

---

பழம்பதிவர் | ஞாயிறு, பகல் 2.20

தம்பி, இத்தனை வருடம் எழுதியதில் இதை ஒருவர்கூட எனக்குச் சொன்னதில்லை, நானும் யோசித்ததில்லை. என் கட்சியை மாற்றிக்கொள்கிறேன். என் பழைய பதிவுகளில் கோடு போட்டு அடித்தவை நாற்பது ஐம்பதாவது இருக்கும், இந்த வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றப் போகிறேன்.

---

வகுப்பறை | ஞாயிறு, மாலை 4.36

நான் வேறொரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், நானும் மாணவர்களை வலைப்பூ எழுத வைத்திருக்கிறேன். மறுமொழிக்கு மார்க் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

ஏன் கொடுத்தோம் என்று சொல்கிறேன். கொடுக்காவிட்டால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் திறந்தே பார்ப்பதில்லை. கொடுத்தால் "சூப்பர்" மட்டும் வருகிறது. இரண்டு வருடம் இந்தச் சிக்கலோடு போராடிவிட்டு, பாராட்டு எழுதக் கூடாது, பதிவைப் படித்தவரால் மட்டுமே கேட்க முடிகிற ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று விதியை மாற்றினேன். எழுதியவர் அதற்குப் பதில் சொன்னால் இருவருக்கும் மார்க். முதல் வாரம் வகுப்பு முழுக்க முனகல். நான்காவது வாரம் ஒரு மாணவன், தன் பாட்டியின் நெசவைப் பற்றி எழுதியவன், "மேடம், இவன் கேட்ட கேள்விக்காக ஊருக்குப் போய்விட்டு வருகிறேன், இரண்டு நாள் லீவு வேண்டும்" என்று வந்து நின்றான். லீவு கொடுத்தேன்.

ஆனால் உங்கள் முதல் பதிவைப் படித்தபோது என் மனம் வேறு இடத்தில் நின்றது. மேடம் பார்த்துவிடுவார் என்ற பயத்தில் ஒரு மாணவி மறுமொழியை அழிக்கிறாள் என்றால், தப்பு செய்தால் மார்க் போகும் என்றுதான் நாங்கள் அவளுக்குப் புரிய வைத்திருக்கிறோம். என் மதிப்பெண் அட்டவணையில் பிழையின்மை என்று ஒரு வரி இருக்கிறது. பிழையைத் திருத்தியதற்கு ஒரு வரி கிடையாது. வரும் செமஸ்டரில் சேர்க்கிறேன். முடிந்தால் உங்கள் மேடத்திடமும் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நான் உறுதி தர முடியாது, ஆனால் அவருக்கு அது தெரிய வேண்டும்.

---

ஆலமரத்தடி | ஞாயிறு, மாலை 6.12

இழை நன்றாகப் போகிறது, குறுக்கே இரண்டு விஷயம் மட்டும்.

அந்தப் பழைய வரைபடமும் படங்களும் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பதிவில் இல்லை. இந்தியாவில் ஒரு புகைப்படம் வெளியாகி 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. 1920களில் வெளிவந்தது என்றால் தாராளமாகப் போடலாம், எழுபதுகளில் யாரோ எடுத்தது என்றால் கூடாது. எப்படியானாலும் எடுத்த இடத்தைச் சொல்லிவிடுங்கள், அடுத்து ஆராய வருகிறவருக்கு அதுதான் நூல்முனை. ஏரிகளைப் பற்றித் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் தரமணி ரோஜா முத்தையா நூலகமும் போய்ப் பாருங்கள். கன்னிமாராவோடு நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், மொபைலில் தங்கிலீஷ் அடித்துத் தமிழாக்கி எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன், உங்கள் பதிவில் ல, ள, ழ மாறுகிற இடங்கள் அந்த மாதிரி. தமிழ்99 விசைப்பலகைக்கு மாறிப் பாருங்கள். க விசையை இரண்டு முறை தட்டினால் அதுவே க்க என்று புள்ளி வைத்துக்கொள்ளும், ந தட்டி த தட்டினால் ந்த வந்துவிடும். ஒரு வாரம் விரல் தடுமாறும். அதற்கு அப்புறம் ஆங்கில எழுத்து மனதில் குறுக்கே வராமல் நேராகத் தமிழில் யோசித்து எழுத முடிகிறது, நான் உணர்ந்த பெரிய வித்தியாசம் அதுதான்.

---

ஏரிக்கரை | செவ்வாய், இரவு 9.05

எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன், இரண்டு நாள் எடுத்துக்கொண்டதற்கு மன்னிக்கவும்.

தறி அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என்விடிஏவை இறக்கி, அது இலவசம் என்பதுகூட எனக்குத் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டு என் பதிவைக் கேட்டேன். நீங்கள் சொன்ன அதே இரண்டு வாக்கியங்கள் அடுத்தடுத்து. நான் நேர்மையாகத் திருத்திவிட்டேன் என்று இத்தனை நாள் நிம்மதியாக இருந்த இடம் அது. அடித்த வரிகளை எடுத்துவிட்டு, மெய்ப்பு ஐயா சொன்ன மாதிரி பதிவின் தலையில் தேதியோடு திருத்தக் குறிப்பு எழுதியிருக்கிறேன். மறுமொழியை நான் அழித்ததையும் அதில் எழுதிவிட்டேன்.

வரைபடத்தை வார்த்தையில் எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. ஏரி எங்கே, எந்தப் பக்கம் மயிலாப்பூர், எந்தப் பக்கம் நுங்கம்பாக்கம், இன்றைக்கு அங்கே என்ன இருக்கிறது என்று எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே அந்த வரைபடம் சரியாகப் புரிந்திருக்கவில்லை என்று தெரிந்தது. கரை எந்தப் பக்கம் என்று நான்கு பத்தி எழுதி மூன்றைத் தூக்கிப் போட்டேன். அதை எழுதி முடித்த பிறகு படத்தை எடுத்துவிட்டால்கூடப் பதிவு நிற்கும் போலிருக்கிறது.

வகுப்பறை மேடம், இன்று என் மேடத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அந்தப் பெரியவர் எழுதியதைக் காட்டச் சொன்னார், மொபைலிலேயே முழுதும் படித்தார். மார்க்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடப் பிள்ளைகளிடம் வந்து இதைப் பேசுவாயா என்று கேட்டார், சரி என்று சொல்லியிருக்கிறேன்.

ஆலமரத்தடி சார், வரைபடம் எங்கிருந்து கிடைத்தது என்று தேடிப் பார்த்ததில், அதுவும் வாட்ஸ்அப்பில் வந்ததுதான். மூலம் தெரியும் வரை எடுத்துவிட்டேன், விவரணை மட்டும் இருக்கிறது. ஆவணக் காப்பகத்துக்கு என்ன கடிதம் வேண்டும் என்று துறையில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தமிழ்99 மூன்றாம் நாள், இந்தப் பதிவு அதில் அடித்ததுதான், அதனால்தான் இவ்வளவு நேரம்.

பெரியவருக்கும் இந்த இழையின் முகவரியை அனுப்பினேன். படிப்பதாகச் சொன்னார்.

தறி அண்ணா, முடிந்தபோது அந்தப் பதிவை இன்னொரு தடவை கேட்டுச் சொல்ல முடியுமா?

---

தறி | செவ்வாய், இரவு 10.41

கேட்டேன். திருத்தக் குறிப்பு முதலிலேயே வந்துவிடுகிறது, குழப்பம் இல்லை. கரையைப் பற்றி எழுதியது நன்றாக இருக்கிறது. நான் சின்ன வயதிலிருந்து உஸ்மான் ரோடுக்குத் துணி எடுக்க வருகிறவன், ஏரியின் எந்தப் பகுதியில் நின்றிருக்கிறேன் என்று முதல் முறையாக மனதில் வந்தது. கடைசிப் படத்துக்கு மட்டும் விவரணை விட்டுப்போயிருக்கிறது, இன்னும் "படம்" என்றுதான் சொல்கிறது.

---

ஏரிக்கரை | செவ்வாய், இரவு 10.58

அது டேங்க் பண்ட் ரோடு பெயர்ப்பலகை. இப்போது சேர்த்துவிட்டேன் அண்ணா.